பயந்துகொண்டே கம்பெனி நடத்தியவர்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருநெல்வேலி ஜங்ஷனில் மூட்டை தூக்கியவன். அதே ஜங்ஷனில் எஸ்.டி.டி. பூத் வைத்து, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, தொண்ணூறுகளின் கடைசியில் ஒன்பது பூத்துக்கு முதலாளியாக இருந்தேன். தச்சநல்லூரில் ஒன்று, களக்காட்டில் ஒன்று, சாத்தான்குளத்தில் ஒன்று என்று மூலைக்கு மூலை மஞ்சள் போர்டில் என் பெயர் இருக்கும். போலீஸ்காரனுக்குப் பயந்ததில்லை, டெலிபோன் ஆபீஸ் அதிகாரிக்குப் பயந்ததில்லை. இது பெருமைக்குச் சொல்வதில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அப்படிப்பட்ட எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது ஒரு அம்மாவோடு தொழில் செய்தபோதுதான்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பயந்துவிடுவார். கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்பதால் என் கடை ஆட்கள் அவரை டீச்சர் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் படித்த குடும்பம். பெங்களூரில் பெரிய சம்பளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். முதல் தடவை என் கடைக்கு வந்தபோது கல்லாவுக்கு முன்னால் நிற்காமல், போன் பேசும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். போனை எடுக்கவில்லை. வெளியே வந்து என்னைக் கேட்டார்.

"அண்ணாச்சி, நான் உள்ள பேசினா வெளிய கேக்குமா?"

"கேக்காது."

"உள்ள ஒருத்தி அழுதா, நீங்க என்ன நினைப்பீங்க?"

"ஊர்ல யாரோ செத்துட்டாங்கன்னு நினைப்பேன். இல்லன்னா புருஷன் துபாய்ல இருக்கான்னு நினைப்பேன். தெனம் நாலு பேரு அழத்தான் செய்யுதாங்க."

"அதான் எனக்கு வேணும்," என்றார். அடுத்த மூச்சில், "பயமா இருக்கு அண்ணாச்சி," என்றார். மற்றவர்கள் வணக்கம் சொல்வதுபோல அவருக்கு அந்த வார்த்தை.

அவர் நினைத்து வந்தது இதுதான். மனசு சரியில்லாதவர்கள் பாளையங்கோட்டைக்கு வந்து மனநோய் டாக்டர் வீட்டு வாசலில் நிற்க வெட்கப்படுகிறார்கள். பார்த்தவர்கள் பார்த்தால் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது, கட்டிக்கொடுத்த பெண் திரும்பி வருவாள். ஆனால் போன் பேசப் போவதை யாரும் கேட்க மாட்டார்கள். கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்து, நம்பரை அமுக்கு, டாக்டரிடம் பேசு. வெளியே இருப்பவனுக்கு நீ உன் அம்மாவிடம் பேசுகிறாய். இதற்கு ஒரு கம்ப்யூட்டர், நாலு லைன், போனை எடுத்துப் பதில் சொல்கிற ஒரு மெஷின். வண்ணார்பேட்டையில் என் கடை மாடியில் ஒரு அறையும், என் ஒன்பது பூத்துகளும் வேண்டுமென்றார். இன்றைக்கு ஸ்டார்ட்டப் என்று பேப்பரில் போடுகிறார்களே, அதைத் திருநெல்வேலியில் முதலில் தொடங்கியவர்கள் நாங்கள்தான். பாதி மூளை அவருடையது, பாதி என்னுடையது.

மெஷினில் பேசுவது டீச்சரின் குரல். முதலில் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலப் பேசிப் பதிவு செய்திருந்தார். "தங்களுக்கு மன அழுத்தம் உள்ளதா? ஆம் எனில் ஒன்றை அழுத்தவும்." கூப்பிட்டவர்கள் எல்லாம் வைத்துவிட்டார்கள். நான்தான் சொன்னேன், "டீச்சர், நம்ம ஊர்ல எவனுக்கும் மனசுல நோவு கெடையாது. நெஞ்சு படபடங்கும், சோறு எறங்காது, ஒரு மாதிரியா வரும். அதக் கேளுங்க." மறுநாள் முழுக்க அறையைப் பூட்டிக்கொண்டு முப்பது தடவை பதிவு செய்தார். "அவசரம் இல்ல, பையப் பையச் சொல்லுங்க. சோறு எறங்குதா? எறங்கலன்னா ஒண்ணை அமுக்குங்க." அதற்குப் பிறகுதான் ஆட்கள் வைக்காமல் இருந்தார்கள். அந்த யோசனை என்னுடையது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பெயர் கேட்பதில்லை. முதல் தடவை கூப்பிட்டவுடன் மெஷின் ஒரு நம்பர் கொடுக்கும். பதினேழு, இருபத்தெட்டு, அப்படி. அடுத்த தடவை அந்த நம்பரை அமுக்கினால் போதும். பாளையங்கோட்டையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மனநோய் டாக்டர் வியாழனும் சனியும் மத்தியானம் மாடிக்கு வந்து உட்காருவார். கூப்பிடுகிறவர் குரலை டீச்சர் முதலில் காதில் வாங்கி, பிறகு அவரிடம் லைனைக் கொடுப்பார். சுவரில் ஒரு சிலேட்டு. அதில் நம்பர், கிழமை, மணி, எந்தப் பூத்து லைன் என்பது மட்டும். வந்தால் ஒரு கோடு. வராவிட்டால் டீச்சருக்கு அன்று சாப்பாடு இல்லை.

அவர் எதற்கெல்லாம் பயந்தார் என்று எழுதினால் புத்தகம் காணாது. காலையில் வந்ததும் கீழே என் கடைப் பூத்திலிருந்து மாடிக்குப் போன் போட்டுத் தன் குரலையே கேட்பார், மெஷின் செத்துவிட்டதோ என்று. ஐப்பசி மழையில் தூரத்தில் இடி கேட்டால் போதும், மாடிப்படி ஏறி ஓடி ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்ப்பார். பிடுங்காவிட்டால் மின்னல் மெஷினைத் தின்றுவிடும், பிடுங்கினால் அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிடுவார்கள். கையை வயர்மேல் வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூண்டுக்குள் சிவப்பு எழுத்தில் காசு ஓடுகிற மீட்டரைப் பார்த்து ஜனங்கள் பேச்சைப் பாதியில் விடுகிறார்கள் என்று ஒன்பது பூத்துக்கும் தானே போய் மீட்டரின்மேல் கறுப்புத் தாளை ஒட்டினார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "இவ்வளவு பயந்தவங்களுக்கு இந்தத் தொழில் எதுக்கு டீச்சர்? ஊறுகாய் போட்டு விக்கலாமே."

சிரித்தார். "பயப்படாதவங்க கையில இதைக் குடுக்கக் கூடாது அண்ணாச்சி."

அன்றைக்குத்தான் பெங்களூர்க் கதையைச் சொன்னார். அங்கே ஆறு மாதம் ஹாஸ்டல் அறையை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்திருக்கிறார். வீட்டில் கூட்டிவந்து மஞ்சள் காமாலை என்று தெருவுக்குச் சொல்லிவிட்டார்கள். "தெருவே கீழாநெல்லி அரைச்சுக் கொண்டுவந்து குடுத்தது. அம்மா நிக்கறா, நான் குடிக்கறேன். ஒரு மாசம். ஒருத்தர்கிட்டயும் உண்மையச் சொல்ல முடியல. கசப்புதான் ஞாபகம் இருக்கு." சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அவர் பயத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. சென்னையிலிருந்து முதல் போடுவதற்கு ஒரு ஆள் வந்தார். கழுத்தில் டை. மெஷினைப் பார்த்தார், சிலேட்டைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். "ஒரே ஒரு நோயாளி பேசுறத நான் கேக்கணும், அப்பதான் எங்க ஆட்களுக்கு நம்பிக்கை வரும்," என்றார். டீச்சர் மெஷினுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "பயமா இருக்கு சார். குடுக்க மாட்டேன்," என்றார். அந்த ஆள் மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். டை கட்டியவர் சாயந்தரம் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீடு தேடி வந்த சீதேவியை விரட்டிவிட்டாரே என்று இரண்டு நாள் மாடிப் பக்கமே போகவில்லை.

அந்தக் கோபத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

என் மகளைக் களக்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தேன். பெரிய உரக்கடைக்காரர் வீடு, வாழைத் தோட்டம், கார். படிக்காத மூட்டைக்காரன் வீட்டுப் பெண் என்ற எண்ணம் அவர்களுக்கு உள்ளுக்குள் இருந்தது. அது தெரிந்துதான் அவர்கள் கடைக்கு நேர் எதிரே என் பூத்தைத் திறந்தேன். இப்போது டாக்டரும் கம்ப்யூட்டரும் வைத்துக் கம்பெனி நடத்துகிறேன் என்பது சம்பந்திக்குத் தெரிய வேண்டாமா? டீச்சர் முதல் நாளே கண்டித்துச் சொல்லியிருந்தார், எங்கேயும் போர்டு வைக்கக் கூடாது, வாயால் மட்டும்தான் பரவ வேண்டும் என்று. நான் அவரிடம் சொல்லாமல் பெயின்டரைப் பிடித்து எட்டடிக்கு எழுதச் சொன்னேன். 'மனநோய்க்குக் கம்ப்யூட்டர் மூலம் இங்கே சிகிச்சை.' கீழே என் பெயர், மேலேயுள்ள எழுத்தைவிடப் பெரிதாக. களக்காட்டுப் பூத்தின் நெற்றியில் மாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு நாற்பத்தொன்றாம் நம்பர் கூப்பிடவில்லை.

எனக்கு அது தெரியாது. அதற்கடுத்த வியாழக்கிழமை மாடிக்குப் போனபோது டீச்சர் சிலேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மணி நாலரை, நாற்பத்தொன்றுக்கு நேரே அன்றும் கோடு இல்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த நம்பரை மட்டும் விடாதீங்கன்னு சொன்னேனே," என்றார். "மூணு மாசமா ஒரு வாரம் தவறினதில்ல. போன தடவை பேசினது சரியில்ல. ரொம்பச் சரியில்ல."

"எந்தப் பூத்து லைன்?" என்றேன்.

"களக்காடு."

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து எதையாவது சொல்லாமல் இருந்து அவர் பார்த்ததே இல்லை.

"அங்கன என்ன மாத்தினீங்க அண்ணாச்சி?"

சொன்னேன். என்னைத் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கைப்பையை எடுத்தார். "பஸ் எப்ப?"

பஸ் என்றால் அவருக்கு உயிர் போகும். டிரைவருக்குப் பின்னால் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்குநேரி தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அவ யாருன்னு நாம கண்டுபிடிக்கக் கூடாது. ஆனா உயிரோட இருக்காளான்னு தெரியணும். ரெண்டையும் சேர்த்து எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

"விசாரிப்போம். நம்ம பூத்துக்கார அம்மாவுக்கு முகம் தெரியும்லா?"

"என்னன்னு விசாரிப்பீங்க? வியாழக்கிழமை பேச வர்ற பொண்ணு எங்கன்னு கேட்டா, எதுக்குக் கேக்கீங்கன்னு தெரு கேக்கும். போர்டும் தலைக்கு மேல தொங்குது."

பெண் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எட்டடிப் போர்டை நினைத்தேன். யாரோ பெற்ற பிள்ளை, எங்கேயோ ஒரு வீட்டில், நான் எழுதிய எழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. போய் என்ன செய்தது?

களக்காட்டில் இறங்கும்போது விளக்கு வைக்கிற நேரம். முதல் வேலையாகப் பக்கத்து சைக்கிள் கடையில் ஸ்பேனர் வாங்கி நானே ஸ்டூலில் ஏறிப் போர்டைக் கழற்றினேன். எதிர்க்கடையிலிருந்து சம்பந்தி வந்தார்.

"என்ன சம்பந்தி, மாட்டி ரெண்டு வாரம் ஆவல, அதுக்குள்ள கழத்துதீய?"

"பெயின்டர் செஞ்ச கூத்து. வேற எவனுக்கோ எழுதினதைக் கொண்டாந்து இங்கன மாட்டிட்டான்."

"அதானே பாத்தேன். உம்ம கடையைப் பைத்தியக்காரக் கடைங்கானுவ வே, ஊருக்குள்ள. எனக்குத்தான் தலைக்குனிவு. சரி, வாரும் வீட்டுக்கு. இவங்க யாரு?"

"நம்ம கடைக் கம்ப்யூட்டர் பாக்கிற டீச்சர்."

வீடு கடைக்குப் பின்னால். சம்பந்தியம்மா பாய் விரித்தார். டீச்சரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "கல்யாணம் ஆயிட்டா?" என்றார். டீச்சர் இல்லை என்றார். "கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டாகளாக்கும்," என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். என் மகள் காப்பி கொண்டுவந்தாள். "வாங்கப்பா," என்றாள். டீச்சரைப் பார்த்து, "நீங்களும் எடுத்துக்கோங்க," என்றாள்.

டீச்சர் கையிலிருந்த டம்ளர் ஆடியது. காப்பி புடவையில் கொட்டியது. சுட்டிருக்க வேண்டும், அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே இருந்தார். இந்த அம்மாவுக்கு எதுதான் பயமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். மகளின் கையைப் பார்த்தேன். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. எப்போது இவ்வளவு மெலிந்தாள்?

"ஒங்க மருமக நல்லா இருக்காளா மதினி?" என்றேன், சும்மா கேட்கிற மாதிரி.

"அவளுக்கு என்ன குறை. ஆனா அம்மை நெனப்பு விடல. வாரா வாரம் வியாழக்கிழமை நாலு மணி ஆனா அம்மைகிட்டப் பேசணும்னு ஒங்க பூத்துக்கு ஓடிருவா. நாங்க தடுக்கல. இப்ப அந்தப் போர்டைப் பாத்த பொறகு நான்தான் வேண்டாம்னுட்டேன். அங்கன போய் நின்னா நாலு பேரு என்ன நெனப்பாங்க, நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

என் மனைவி இரண்டு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்குப் பேசியதோடு சரி, பிள்ளை ஒரு போன் போடவில்லை, எதிரே பூத்து வைத்துக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று.

எனக்குக் காது அடைத்துவிட்டது. சம்பந்தியம்மா பேசிக்கொண்டிருப்பது தெரிகிறது, வார்த்தை விழவில்லை. அடுக்களைக் கதவை ஒட்டி என் மகள் நிற்கிறாள், வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு. எழுந்து போய் அவள் தோளைப் பிடித்து, ஏட்டி உனக்கு என்ன ஆச்சு, எவன் உன்னை என்ன செய்தான் என்று கேட்க வேண்டும். பாயில் கையை ஊன்றிவிட்டேன். டீச்சர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டக்கூட இல்லை, கண்ணால்தான் சொன்னார். நீங்கள் இப்போது கேட்டால் அவள் இனி எங்கேயும், யாரிடமும், வாயைத் திறக்க மாட்டாள்.

வாழ்க்கையில் எத்தனையோ பேச்சுப் பேசியிருக்கிறேன். அன்று பேசியதுபோலப் பயந்து பேசியதில்லை. குரல் உடைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தேன்.

"அதச் சொல்லத்தான் நானே வந்தேன் மதினி. ரெண்டு வாரமாப் பிள்ள குரலைக் கேக்காம அவ அம்மைக்குச் சோறு எறங்கல. வியாழக்கிழமை ஆனா போன்கிட்டயே உக்காந்திருக்கா. போர்டைத்தான் எடுத்துட்டேனே. அந்த நாலு மணிக்கு மட்டும் பிள்ளையை அனுப்பி வையுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அடப் பாவமே. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீய? போகட்டும், போகட்டும்," என்றார் சம்பந்தியம்மா.

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வது பொய் என்று அந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. செருப்பைத் தேடுவதுபோல எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்தாள்.

"அம்மையக் கேட்டேன்னு சொல்லுங்கப்பா."

"சரிம்மா."

"வியாழக்கிழமை பேசுதேன்னு சொல்லுங்க."

திரும்பும் பஸ்ஸில் நான் டீச்சரைக் கெஞ்சினேன். "என்ன கஷ்டம் அவளுக்கு? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அடிக்கானா? நான் பெத்த அப்பன் டீச்சர்."

கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீங்க எந்த நம்பரைப் பத்திக் கேக்கீங்கன்னு எனக்குத் தெரியாது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னைத் திட்டிக்கோங்க. அடிக்கணும்னாலும் அடிங்க. பயமாத்தான் இருக்கு, ஆனா சொல்ல மாட்டேன்," என்றார். டை கட்டியவனுக்குச் சொன்ன அதே பதில். அன்றைக்கு அதைக் கேட்டுக் கோபப்பட்டவன் நான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், களக்காட்டிலிருந்து யார் கேட்டாலும் பிள்ளை வாரா வாரம் பேசுகிறாள் என்று சொல் என்றேன். "அவ எங்க பேசுதா?" என்றாள். "சொல்லுன்னா சொல்லு," என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. அவளுக்கும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் சொன்ன பொய்யில் அந்தப் பாதி உண்மையாகிவிட்டது.

அந்த ஏழு நாளை நான் எப்படித் தள்ளினேன் என்று எழுதத் தெரியவில்லை. கடையில் போன் மணி அடித்தால் களக்காட்டிலிருந்து சேதி வருகிறதோ என்று எடுக்காமல் நிற்பேன். ஒன்பது பூத்துக்காரன் போன் மணிக்குப் பயந்தேன். டீச்சர் இப்படித்தான் தினமும் இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு ஒரே ஒரு பிள்ளை இல்லை, சிலேட்டு நிறையப் பிள்ளைகள்.

வியாழக்கிழமை மூன்றரைக்கே மாடி ஏறினேன். டாக்டர் நாற்காலியில். டீச்சர் மெஷின் முன்னால், காதில் ஹெட்போன். நாலு லைனுக்கும் நாலு சின்னச் சிவப்பு விளக்கு. நான் கதவோரம் நின்றேன். நாலு மணி ஆயிற்று. நாலு ஐந்து. டாக்டர் பேனாவைத் திறந்து மூடினார். நாலு பத்து. டீச்சர் உதடு அசைந்தது, எதையோ எண்ணுவதுபோல. நாலு பன்னிரண்டுக்கு மூன்றாவது விளக்கு எரிந்தது.

டீச்சர் மூச்சைப் பிடித்துக் கேட்டார். ஒரு எண், இன்னொரு எண். டாக்டரிடம் போனைக் கொடுத்தார். சிலேட்டில் ஒரு கோடு போட்டார், கோணலாக விழுந்தது. பிறகு என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், "கீழ போங்க அண்ணாச்சி," என்றார்.

என் கட்டடம், என் மாடி, என் மகள். இறங்கிவந்து படிக்கட்டு அடியில் நின்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் வெற்றிலையை மென்றபடி வந்தார். மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"டாக்டர் வந்திருக்காரு போல. யாருகூடப் பேசுதாரு வே?"

"தெரியாது," என்றேன்.

"ஒமக்குத் தெரியாத விஷயம்கூட இந்தக் கட்டடத்துல உண்டா?"

"யாரோ ஒரு பிள்ளை," என்றேன். "எனக்குத் தெரியாது வே."